தலைதீபாவளி ஜீன்ஸ்

முதல் ஜீன்ஸ் தொடையோடு நின்றுவிட்டது. இரண்டாவது தொடையைத் தாண்டியது, ஆனால் இடுப்பில் பின்பக்கம் ஒரு தேங்காயை வைத்து எடுக்கலாம் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றது. இப்போது மூன்றாவது. கதவில் ட்ரையல் ரூம் என்று எழுதியிருக்கிறார்கள், இதை ரூம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், குனிந்தால் நெற்றி ஒரு கண்ணாடியில் இடிக்கிறது, பின்பக்கம் இன்னொரு கண்ணாடியில் இடிக்கிறது, மூன்று பக்கமும் கண்ணாடி, நான்காவது பக்கம் கதவு, எந்தப் பக்கம் திரும்பினாலும் சட்டையும் ஜட்டியுமாக ஒரு இசக்கிராஜா நின்று என்னல இது கோலம் என்று கேட்கிறான். முப்பத்தோரு வயதில் ஒருவன் தன் முதுகைத் தானே பார்க்க நேர்வது அவ்வளவு நல்லதில்லை, எனக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது என்று இதுவரை யாரும் சொல்லவில்லை. கதவுக்கு மேலே ஒரு முழம் இடைவெளி. ஜீன்ஸ் எல்லாம் அதன் வழியாகத்தான் வருகிறது. ஒரு கை வரும், நகக்கண்களில் மஞ்சள் ஏறிய கை, ஜீன்ஸைக் கதவின்மேல் போட்டுவிட்டுப் போய்விடும். பேச்சு கிடையாது. வேண்டாததை நானும் அதே வழியாகத் திருப்பிப் போடுவேன், கை வந்து எடுத்துக்கொள்ளும், அதற்கும் பேச்சு கிடையாது. ஈரோட்டில் பல வருடமாக மஞ்சள் மண்டி வைத்திருக்கும் நாச்சிமுத்துவின் கை அது. என் மாமனார்.

மாமனார் என்று மனதுக்குள் சொல்கிறேன், வெளியே இன்னும் ஒரு முறைகூட மாமா என்று கூப்பிட்டதில்லை. அவரும் என்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. ஜீன்ஸ் கிடைக்காவிட்டால் குடி முழுகிவிடாது, பழைய பேன்ட்டிலேயே தீபாவளி கொண்டாடிவிட்டுப் போவேன், என் பயம் இந்தக் கூப்பிடாத விஷயம்தான். நாளை மறுநாள் எங்களுக்குத் தலைதீபாவளி. மாமனார் வீட்டில் எண்ணெய் வைத்துக் குளித்து, மாமனார் எடுத்துக் கொடுத்த துணியை உடுத்தி, சொந்தக்காரர்கள் வந்து பார்க்க உட்கார வேண்டிய நாள். அன்றைக்கும் இவர் என்னைப் பெயரில்லாத ஆளாகவே வைத்துவிட்டால் அவ்வளவுதான், ஆயுசுக்கும் அப்படியே பழகிவிடும். சில வீடுகளில் பழகியிருக்கிறது. எங்கள் தெருவிலேயே ஒரு மாமனாரும் மருமகனும் சாகும்வரை கனைத்தே காலம் தள்ளினார்கள், ஒருவர் கனைத்தால் அது நீர் சாப்பிட்டீரா, மற்றவர் கனைத்தால் அது ஆச்சு. அப்படி ஆகிவிடக்கூடாது. எனக்குக் கனைக்கவும் சரியாக வராது.

எல்லாம் ரிஜிஸ்தர் ஆபீசில் ஆரம்பித்தது. அவர் மகள் கோகிலாவும் நானும் கோயம்புத்தூரில் ஒரே பம்பு கம்பெனியில் வேலை, நான் தூத்துக்குடிக்காரன், ஊர் வேறு, ஆட்கள் வேறு, கோகிலா கல்யாணப் பேச்சை எடுத்ததும் இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மண்டிக்குப் போய்விட்டாராம். கையெழுத்துப் போடுகிற அன்றைக்குக் கோகிலா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒவ்வொரு வெள்ளை வேட்டிக்கும் எட்டிப் பார்த்தாள், வரவில்லை. நான்கு மாதம் கழித்து மாமியார் மட்டும் ஒரு டப்பா நிறைய ஓலை முறுக்கோடு பஸ்ஸில் வந்து இறங்கினார், பிறகு போன், பிறகு ஆடி மாதத்தில் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். போனோம். அன்றைக்கு நான் ஒரு தப்பு செய்தேன். வாசலில் அவரைப் பார்த்ததும் நாக்கு குழறி, வணக்கம் சார் என்றுவிட்டேன். சார்! மின்சார ஆபீசுக்கு மனு கொடுக்க வந்தவன் மாதிரி. அவர் முகத்தில் ஒன்று வந்தது, உடனே போயும்விட்டது, அது கோபமா சிரிப்பா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து எங்கள் பேச்சு எல்லாம் கோகிலா வழியாகத்தான். நான் எதிர் நாற்காலியில்தான் இருப்பேன், கோகி, அவரு காப்பி குடிப்பாரான்னு கேளு என்பார். குடிப்பேன்னு சொல்லு என்பேன். கோகிலா எங்கள் இருவருக்கும் நடுவில் தலையைத் திருப்பித் திருப்பி, டென்னிஸ் பார்க்கிறவள் மாதிரி, அவளுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

எங்கள் அப்பாவுக்கு இதெல்லாம் புரியாது. அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், மேலேயிருந்து பார்த்துப் பழகியவர், கீழே இருக்கிற எல்லோரும் அவருக்கு ஒன்றுதான். கோகிலா முதல்நாள் வந்து நின்றபோது, வா தாயி, மீன் தின்பியா என்றார், அவ்வளவுதான், உறவு முடிந்தது. அவளுக்கு முள் எடுக்கத் தெரியாது, அவரே விளைமீனைப் பிட்டு முள் பார்த்துப் பார்த்து அவள் தட்டில் வைத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன், எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எனக்கு யார் முள் எடுப்பார்கள். எனக்கு முள் எடுக்கத் தெரியும் என்பது வேறு விஷயம். ஆசை என்று ஒன்று இருக்கிறதில்லையா.

மூன்றாவது ஜீன்ஸ் இடுப்பில் சரியாக இருக்கிறது, பட்டன் போட முடிகிறது, ஆனால் உட்கார முடியாது. உட்கார்ந்து பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டேன், தீபாவளி இலையில் உட்காராமல் எப்படிச் சாப்பிடுவது. இத்தனைக்கும் ஜீன்ஸ் நான் கேட்டது இல்லை, கேட்டதும்தான். நேற்று முன்தினம் இரவு சாப்பாட்டில் அவர் ஆரம்பித்தார். கோகி, அவருக்குப் பட்டு வேட்டி எடுக்கறதா பேன்ட்டு எடுக்கறதான்னு கேளு. பட்டு வேட்டி என்றால் இவருக்கு எதற்கு வீண் சிரமம் என்று நினைத்து, சும்மா ஒரு ஜீன்ஸ் போதும்னு சொல்லு என்றேன். மரியாதைக்குச் சொன்னது. எங்கள் பக்கம் எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம் என்போம், இன்னொரு முறை கேட்பார்கள், அப்புறம் உட்கார்ந்து வெளுத்துக் கட்டுவோம். நடுவில் ஆள் வைத்துப் பேசினால் அந்த இன்னொரு முறை வருவதே இல்லை. கோகிலா என் பதிலைப் பக்கத்து நாற்காலிக்குக் கொண்டுபோவதற்குள் அதற்குக் கை கால் முளைத்துவிட்டது. அவருக்கு ஜீன்ஸ்தான் வேணுமாம்ப்பா, அதும் ஸ்லிம் ஃபிட்தான் வேணுமாம். ஸ்லிம் ஃபிட் அவளுடைய சொந்தச் சரக்கு. என் பேன்ட்டெல்லாம் கூடாரம் மாதிரி இருக்கிறது என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்குக் குறை. இவர் சோற்றைப் பிசைந்தபடியே, அப்புடியா என்றார். அந்த அப்புடியாவை இரண்டு நாளாக நான் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். பட்டு வேட்டியில் ஒரு மாப்பிள்ளையைத் தெருவில் நடத்திக் கூட்டிப்போக மனிதர் ஆசைப்பட்டிருப்பார். நான் ஜீன்ஸ் கேட்டு அதைக் கெடுத்தேன். இல்லை, அவருக்கு அப்படி ஆசையே இல்லையோ, பெரிய பாரம் இறங்கியது என்றுதான் அப்புடியா என்றாரோ. ஒரு அப்புடியாவுக்கு இத்தனை மூலை இருக்கிறது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. ஸ்லிம் ஃபிட் என்றால் ஸ்லிம் ஃபிட்தான். காலையிலிருந்து இந்த ஆறு மாடி ஜவுளிக்கடையில், இத்தனை தீபாவளிக் கூட்டத்தில், மஞ்சள் வாங்க வந்தவர் மாதிரிதான் ஜீன்ஸ் பார்க்கிறார். மஞ்சளை ஒடித்து உள்நிறம் பார்ப்பார்களே, அதே முகம், துணியை இரண்டு கையாலும் பிடித்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு இழு, பிறகு மோந்து பார்க்கிறார். ஜீன்ஸில் என்ன வாசனை வரும் என்று எனக்குத் தெரியவில்லை. கோகிலாவும் மாமியாரும் பட்டுச்சேலைக்கென்று இரண்டாவது மாடியில் இறங்கிவிட்டார்கள், நாங்கள் இரண்டு பேரும் லிஃப்டில் நாலாவது மாடிக்கு வந்தோம். லிஃப்டில் அவர் எண் மாறுவதைப் பார்த்தார், நானும் எண் மாறுவதைப் பார்த்தேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக நடுவில் ஆள் இல்லாமல் நிற்கிறோம். மாமா, கூட்டம் ஜாஸ்தி, இல்லையா. இப்படி ஒன்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் தயாராகவும் வைத்திருந்தேன். அதற்குள் கதவு திறந்துவிட்டது, இரண்டு மாடி ஏற இந்த லிஃப்டுக்கு அப்படி என்ன அவசரமோ.

நல்லவேளை, நாலாவது மாடியில் பிரான்சிஸ் என்று ஒரு விற்பனையாளர் கிடைத்தார், நரைத்த மீசை, கழுத்தில் இஞ்சு டேப். மாமனார் அவரை உடனே கோகிலாவாக்கிவிட்டார். ஏனுங்க பிரான்சிசு, அவருக்கு எப்புடி இருக்குதுன்னு கேளுங்க. பிரான்சிஸ் கதவுக்கு ஓர் அடி தள்ளி நின்று, சார், எப்படி இருக்குன்னு சார் கேக்கறாரு என்றார். இடுப்பு லூசா இருக்குன்னு சொல்லுங்க. சார், இடுப்பு லூசாம் சார். தொடை புடிக்குதான்னு கேளுங்க. சார், தொடை. கேட்டுது, புடிக்கலன்னு சொல்லுங்க. நாலைந்து முறை இப்படிப் போய்வந்த பிறகு பிரான்சிஸ் குரலைத் தாழ்த்தி, ஏன் சார், உங்களுக்குள்ள ஏதும் சண்டையா என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா அவரிடம் கேட்டாரா தெரியவில்லை. இல்லை என்று நான் உள்ளேயிருந்து சொன்ன அதே நேரத்தில் அவரும் வெளியேயிருந்து இல்லைங்க என்றார். ஒரே நேரத்தில் சொன்னோம். அது ஒன்றுதான் இன்றைக்கு நாங்கள் சேர்ந்து செய்த காரியம், எனக்கு அதுவே சந்தோஷமாக இருந்தது, கண்ணாடியில் மூன்று இசக்கிராஜாவும் சிரித்தார்கள்.

இப்போது பிரான்சிஸும் இல்லை. யாரோ குடும்பமாக வந்து அவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவதைக் கழற்றிக் கதவின்மேல் போட்டேன், கை வந்து எடுத்தது. கதவுக்குக் கீழே ஒரு சாண் இடைவெளியில் அவருடைய தோல் செருப்பும் வேட்டிக் கரையும் தெரிகின்றன. செருப்பு கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு நகர்ந்தது. போய்விட்டாரா. போதும்டா சாமி, நீயுமாச்சு உன் ஸ்லிம் ஃபிட்டுமாச்சு என்று மண்டிக்கே போய்விட்டாரா. போனால் போகட்டும் என்று ஒரு மனது சொல்கிறது, கண் மட்டும் கதவுக்குக் கீழேயே இருக்கிறது. இல்லை, அதோ குரல் கேட்கிறது, கூட்டத்தைத் தாண்டிக் கொஞ்சம் தூரத்திலிருந்து, ஏலம் கூவிப் பழகிய குரல், அது எத்தனை கூட்டத்திலும் தனியாகத் தெரியும். ஆளுக்குத் தொடை கொஞ்சம் கனமுங்க, பந்து ஆடுனவரு, இடுப்பு சிறுசு, அதுக்குத் தக்கன எடுங்க. யாரிடமோ சொல்கிறார். நான் அப்படியே நின்றுவிட்டேன். பந்து ஆடினவன் என்று இவருக்கு எப்படித் தெரியும்? கல்லூரி முடிக்கும்வரை துறைமுக மைதானத்தில் கால்பந்து ஆடியவன்தான், தடுப்பாட்டக்காரன், அந்தத் தொடையும் கெண்டைக்காலும்தான் எந்தக் கடையின் ஸ்லிம் ஃபிட்டுக்கும் சிக்காமல் என்னை இத்தனை வருடம் கூடாரத்திலேயே வைத்திருந்தன. ஆனால் இவரிடம் நான் சொன்னதில்லை. கோகிலாவைத்தான் கேட்டிருக்க வேண்டும். என்னைப் பற்றிக் கேட்டிருக்கிறார். நான் இல்லாதபோது, காப்பி குடிப்பாரா என்பதைத் தாண்டி ஏதோ கேட்டிருக்கிறார். உட்கார ஒரு குட்டி ஸ்டூல் போட்டிருக்கிறார்கள், அதில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது. ரொம்ப நாளாகவே பிடித்திருக்கிறது போல, இன்றைக்குத்தான் ஒப்புக்கொள்கிறேன்.

நான்காவது வந்தது. கருநீலம், கறுப்பென்றே சொல்லலாம், வெளிச்சத்தில்தான் நீலம். காலை விட்டேன், பாதம் சிரமப்பட்டுத்தான் நுழைந்தது, குதிகாலில் ஒரு நொடி தயங்கியது, அழுத்தினேன், போய்விட்டது. முழங்கால், தொடை. தொடையில் நிற்கவில்லை. தொடை இருப்பதே தெரியாத மாதிரி ஏறி இடுப்பில் வந்து உட்கார்ந்தது, மூச்சை இழுக்காமலே பட்டன் போட்டேன், பின்பக்கம் தேங்காய் இல்லை, ஒரு எலுமிச்சம்பழம்கூட நுழையாது. உட்கார்ந்தேன். உட்கார முடிகிறது! எழுந்தேன். சப்பணம்கூடப் போட்டுப் பார்த்தேன், இடமில்லாமல் பாதிச் சப்பணம், அதுவும் முடிகிறது. கண்ணாடியில் திரும்பினால் யாரோ ஒருவன் நிற்கிறான், நீளமாக, கால் இருக்கிற ஆளாக, இவன்மேல் கோகிலாவுக்கு ஆசை வந்ததில் தப்பே இல்லை என்று தோன்றியது. இவ்வளவு நாள் கால்களை மூட்டைக்குள் வைத்துக் கொண்டு திரிந்திருக்கிறேன். இல்லாத ஒரு பந்தைக் காற்றில் உதைத்தேன், கண்ணாடியில் மூன்று பேரும் சேர்ந்து உதைத்தார்கள். இதைப் போட்டுக்கொண்டு வெளியே போய் அவர் முன்னால் நிற்க வேண்டும், இது சரியா இருக்கு என்று சொல்ல வேண்டும், யாருக்கும் சொல்லச் சொல்லாமல் நேராகச் சொல்ல வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்தேன். இது சரியா இருக்கு என்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை வேண்டுமே. அது இல்லாமல் மொட்டையாக எப்படிச் சொல்வது. கையை எடுத்தேன். கழற்றிவிட்டு, பழைய பேன்ட்டில் போய், கையில் கொடுத்துக்கொள்ளலாம். கோழை என்றான் கண்ணாடிக்காரன். ஆமாம் என்றேன்.

இடுப்பிலிருந்து இறங்கியது. தொடையிலிருந்து இறங்கியது. கெண்டைக்காலில் உள்வெளியாகச் சுருண்டு நின்றது. இழுத்தேன். வரவில்லை. போடும்போது தயங்கிய குதிகால் இப்போது ஒரேயடியாக மறுக்கிறது, ஒரு காலாவது வந்தால் இன்னொன்றைப் பார்த்துக்கொள்ளலாம், இரண்டும் சேர்ந்து மறுக்கின்றன, கால் இரண்டும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது. சரி, மறுபடி மேலே ஏற்றிவிடலாம் என்று பார்த்தால் அதற்கும் சுருள் விடவில்லை, மேலேயும் போகாது கீழேயும் வராது. வேர்க்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து இழுத்தேன், ஸ்டூல் வழுக்கியது. டமார். முழங்கை கதவில், தலை கண்ணாடியில், கண்ணாடி உடையவில்லை, அதற்கு எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொள்வது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. வெளியே செருப்பு திரும்பியது. பக்கத்தில் வந்தது. நின்றது. மூச்சுச் சத்தம் கேட்கிறது. அவர் என்னாச்சு என்று கேட்க வேண்டும், கேட்க முடியவில்லை, கேட்பதற்கு முன்னால் அவருக்கும் ஒரு வார்த்தை வேண்டும் போல. ஒரு அங்குலப் பலகைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், இரண்டு பேரும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறோம், நான் நிற்கவில்லை, கிடக்கிறேன்.

போன் எட்டும் தூரத்தில் இருந்தது. கோகிலாவைக் கூப்பிட்டுக் கிசுகிசுத்தேன். கோகி, கால் மாட்டிக்கிட்டு. எதுல? ஜீன்ஸ்லதான், கழட்ட முடியல, நீ மேல வாயேன். அவள் போனை எட்ட வைத்துக்கொண்டு, அம்மா, அவருக்கு ஜீன்ஸுக்குள்ள கால் மாட்டிக்கிச்சாம் என்று சொல்வது கேட்டது, அதற்குப் பிறகு இரண்டு சிரிப்பு கேட்டது, மாமியாருடையதுதான் பெரிய சிரிப்பு. அப்பா வெளியதான நிக்கறாரு, அவரக் கூப்புடுங்க என்றாள். எப்படிக் கூப்பிட? வாயாலதான். வைத்துவிட்டாள். மறுபடி அடித்தால் எடுக்கவில்லை. நன்றாக இருக்கட்டும். கழுத்து வலி அவளுக்கும் போதுமென்று ஆகிவிட்டது போல.

கத்தரியால் வெட்டிவிடலாமா, கத்தரிக்கு யாரைக் கூப்பிடுவது. பிரான்சிஸ் என்று கத்தலாமா, மாமனார் வாசலில் நிற்கும்போது பிரான்சிஸைக் கூப்பிட்டால் இந்த ஜென்மத்தில் அவர் மன்னிக்க மாட்டார், நானாக இருந்தாலும் மன்னிக்க மாட்டேன். தவளை மாதிரித் தத்தி வெளியே போகலாமா, நாலாவது மாடி முழுக்க ஈரோட்டு ஜனம், பாதிப் பேருக்கு மஞ்சள் மண்டி நாச்சிமுத்துவைத் தெரியும். சார் என்று கூப்பிட்டாயிற்று, அது ஒருமுறை பட்டது போதும். ஐயா என்றால் பஞ்சாயத்து. அப்பா என்றால் கோகிலாவின் அப்பாவை நான் எடுத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், ஏற்கெனவே மகளை எடுத்துக்கொண்டு போனவன். மாமா. மா மா. இரண்டு எழுத்து, பால் மறக்காத பிள்ளைக்குக்கூட வரும், தெருவில் போகிறவனையெல்லாம் மாமா என்கிறோம், பஸ்ஸில் இடம் பிடிக்க மாமா என்கிறோம். இந்த ஒருவரிடம் மட்டும் அது ஏன் வரமாட்டேன் என்கிறது? ஏனென்றால் இந்த ஒருவருக்குத்தான் அது நிஜம். மாமா என்று சொல்லி, யார் உனக்கு மாமா என்று அவர் கேட்டுவிட்டால்? கேட்க மாட்டார். கேட்டுவிட்டால்? கேட்கட்டுமே. ஆளுக்குத் தொடை கனம் என்று தெரிந்து வைத்திருக்கிறார், இடுப்பு சிறிது என்று தெரிந்து வைத்திருக்கிறார், இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும். கால் மரத்துக்கொண்டு வருகிறது. சொல்லிவிடு இசக்கி.

"மாமா."

செருப்பு அசையவில்லை. ஒருவேளை சத்தமே வரவில்லையோ.

"மாமா! கால் மாட்டிக்கிட்டு மாமா. கழட்ட முடியல."

பிறகு கதவுக்கு மேலே அந்தக் கை வந்தது. கையில் ஜீன்ஸ் இல்லை, அவர் தோளில் கிடந்த துண்டு.

"மொதல்ல இத இடுப்புல சுத்திக்குங்க. அப்பறம் தாப்பாளத் தொறங்க."

சுற்றிக்கொண்டு, தரையில் உட்கார்ந்தபடியே எட்டித் தாழ்ப்பாளைத் தள்ளினேன். உள்ளே வந்தார், கதவைச் சாத்தினார். இரண்டு பேர் நிற்கிற இடமில்லை அது, கண்ணாடிக்குள் ஆறேழு நாச்சிமுத்து, ஆறேழு நான். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார், சுருண்டு கிடந்த ஜீன்ஸை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்து என் வலது பாதத்தைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

எனக்குப் பதறிவிட்டது. "ஐயோ, வேண்டாம் மாமா, நீங்க போயி என் காலத் தொட்டுக்கிட்டு..."

"ஆட்டாதீங்க, சும்மா இருங்க." குதிகாலுக்கும் துணிக்கும் நடுவில் கட்டைவிரலை நுழைத்து மெல்ல நெம்பினார். தலை குனிந்திருந்ததால் அவருடைய நரைத்த உச்சி மட்டும்தான் தெரிந்தது. அந்த உச்சியிலிருந்துதான் பேச்சு வந்தது. "மணவறையில தாம்பாளத்துல வெச்சுக் கழுவோணுமுங்க இந்தக் கால. எங்க வழக்கத்துல பொண்ணோட பொறந்தவன் கழுவோணும். கோகிக்குத்தான் பொறந்தவன் இல்லியே. நாந்தான் கழுவியிருக்கோணும்." விரல் இன்னும் கொஞ்சம் உள்ளே போனது. "கையெழுத்துப் போட்ட அன்னிக்கு வேட்டிகூடத் தொவைச்சு எடுத்து வெச்சிருந்தனுங்க. கெளம்பி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். அங்கயே உக்காந்துட்டேன்."

ஒவ்வொரு வெள்ளை வேட்டிக்கும் எட்டிப் பார்த்த கோகிலா. அவர் விரலுக்கு வாகாகக் குதிகாலைக் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தேன்.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். "ஹலோ, எவ்வளவு நேரங்க? வெளிய லைன்ல நிக்கறோமில்ல?"

அவர் திரும்பக்கூட இல்லை. ஏலக்குரல் எழுந்தது. "எங்க மாப்பிள்ளை உள்ள இருக்காருங்க! சித்த பொறுங்க!"

நாலாவது மாடி முழுக்கக் கேட்டிருக்கும். இரண்டாவது மாடிக்கும் கேட்டிருக்கலாம். சொன்ன பிறகு அவருக்கே உறைத்தது போல, குதிகாலைப் பிடித்த கை ஒரு கணம் நின்றது, காது மடல் சிவந்தது, பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி, "அந்தக் கொக்கியப் புடிச்சுக்குங்க மாப்ள, இழுக்கறேன்" என்றார். துணி மாட்டும் கொக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இழுத்தார். வலது கால் வந்தது. இடது காலுக்கு நான் கண்ணாடியில் முதுகைக் கொடுத்துக்கொள்ள அவர் ஒரே இழு, அதுவும் வந்தது, வந்த வேகத்தில் அவர் கதவில் போய் மோதினார், ஜீன்ஸ் அவர் முகத்தில் விழுந்தது, அதற்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அடிபட்டுவிட்டதோ என்று பயந்து துணியை விலக்கினால் மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன். வெளியே லைனில் நிற்கிறவர்கள் என்ன நினைத்தார்களோ.

மூச்சு வாங்கிக்கொண்டு ஜீன்ஸை உதறி மடித்தார். "இது வேண்டாமுங்க மாப்ள. வேற பாக்கலாம். வேட்டியே எடுத்துப் போடலாம்."

"இல்ல மாமா. இதுதான் சரியா இருந்துது. போட்டுப் பாத்தேன், அப்படிப் பொருத்தம். இதையே எடுத்துருவோம்."

"எடுத்துரலாம். தீபாவளியன்னிக்கு நான் இருக்கறேன், இழுத்துருவேன். அப்பறம் போடறன்னிக்கெல்லாம் என்ன பண்ணுவீங்க? கழட்டறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஈரோட்டுக்கல்ல வரோணும்?"

"வாரேன் மாமா."